7. பதினாறு வரிசைக்குள் ஓர் ஆனை

மாலை ஆறரை மணி இருக்கும். நிறுத்தத்தில் என் பக்கத்தில் நின்ற அப்பத்தா, புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு தூரத்தில் வந்த டவுன் பஸ்ஸைப் பார்த்தார். பஸ்ஸின் நெற்றியில் சிவப்பாக ஏதோ மின்னியது.

"ஏய்யா, அது ஆனையூரா?"

நானும் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. "கிட்ட வரட்டும் அப்பத்தா."

"ஆனைன்னுதான் போட்டிருக்கானா? எனக்கு என்னமோ எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

எழுத்து தெளிந்தபோது பஸ் எங்களைத் தாண்டிக்கொண்டிருந்தது. இருவரும் கையைத் தூக்கினோம். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருந்திருக்கலாம். எனக்கு உறுத்தியது வேறு. தமிழ் மறைந்ததும் அதே பலகையில் ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் வந்திருந்தது. அதை வெகு தூரத்திலிருந்தே படித்துவிட முடியும். பலகையும் விளக்கும் கண்ணும் ஒன்றுதான். பிறகு ஏன் ஒரு மொழி மட்டும் எறும்பாகிறது?

தமிழ் கடினம், ஆங்கிலம் சுலபம் என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் அது விளக்கமில்லை, சலிப்பு. பதில் புள்ளிக் கணக்கில் இருக்கிறது. அதற்கு முன் புள்ளிப் பலகையின் அண்ணனை ஒரு நடை பார்த்துவிட்டு வருவோம். அவர் எங்கள் தெருக்கோடிக் காய்கறிக் கடையில் இருக்கிறார்.

மின்னணுத் தராசின் எண்கள் ஏழு கோடுகளால் ஆனவை. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று, இரு பக்கமும் இரண்டிரண்டு. ஏழும் எரிந்தால் 8. நடுக்கோடு அணைந்தால் 0. இந்த யோசனைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் ஃபிராங்க் வுட் 1908-ல் விண்ணப்பித்து 1910-ல் பெற்ற காப்புரிமையில் எட்டுக் கோடுகள் இருந்தன. 4-ன் சாய்ந்த கையை அழகாகப் போடுவதற்காக அவர் ஒரு சாய்கோட்டைக் கூடுதலாக வைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் அந்த அழகைக் கழற்றி எறிந்தார்கள். நாம் இன்று பார்க்கும் மொட்டை 4 அப்படி வந்ததுதான்.

சிவப்பு நிறமும் அழகுக்காக வந்ததில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தரும் எல்.இ.டி.யை நிக் ஹோலோனியாக் 1962-ல் செய்தபோது கிடைத்தது சிவப்பு. நீலத்துக்கு உலகம் இன்னும் முப்பது வருடம் காத்திருந்தது. அந்த நீலத்துக்குத்தான் 2014-ல் மூன்று பேருக்கு நோபல் பரிசு. இடைப்பட்ட காலத்தில் கால்குலேட்டர், கடிகாரம், அளவுமானி எல்லாம் சிவப்பில் எரிந்தன. 1972-ல் வந்த பல்சர் கைக்கடிகாரத்தின் விலை 2100 டாலர். பேட்டரி தாங்காது என்பதால் பொத்தானை அமுக்கினால்தான் நேரம் காட்டும். சினிமாவில் வெடிகுண்டின் மேல் சிவப்பு எண் ஒன்றொன்றாகக் குறைவதைப் பார்த்தால் இன்றும் நமக்கு நெஞ்சு படபடப்பது அந்தக் காலத்தின் மிச்சம்.

தராசுக்கு வருவோம். ஏழு கோட்டு எண்களில் ஓர் ஆபத்து உண்டு. ஒரே ஒரு கோடு செத்தால் ஓர் எண் இன்னொரு எண்ணாகவே மாறிவிடும். மேல்கோடு போனால் 7 என்பது 1. வலது மேல்கோடு போனால் 8 என்பது 6, 9 என்பது 5. இடது கீழ்க்கோடு போனால் 8 என்பது 9, 6 என்பது 5. பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. ஏனென்றால் தவறான எண்ணும் ஒழுங்கான எண்ணாகவே இருக்கிறது. ஆனால் அதே இடது கீழ்க்கோடு செத்த இடத்தில் 0 வந்தால் முடமாக நிற்கும். 2 வந்தால் ஒடிந்து கிடக்கும். 6-ம் 8-ம் பொய் சொல்லும் இடத்தில் பூஜ்யம் காட்டிக் கொடுத்துவிடும். தராசைப் போட்டதும் எண்கள் எல்லாம் ஒரு ஓட்டம் ஓடி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்தக் கோடும் சாகவில்லை என்று காட்டத்தான் அது. கடைக்காரர் அந்த நேரத்தில் நம்மிடம் பேச்சுக் கொடுத்தாலும் தராசைப் பார்ப்பது நல்லது.

ஏழு கோடு என்றால் 2-ஐ ஏழு முறை பெருக்கிய 128 வடிவங்கள். இதில் தமிழ் எவ்வளவு அடங்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குச் செலவழித்தேன். ட அப்படியே வரும்: இடப்பக்கம் இரண்டு கோடு, கீழே ஒன்று. ப இன்னும் அழகாக வரும். ஆங்கிலச் சின்ன 'b'-யைப் போட்டால் ம என்று மனம் ஏற்றுக்கொள்ளும். துணைக்காலையும் ஒருவாறு போடலாம். அவ்வளவுதான். மெய்யின் புள்ளியை இப்போதைக்கு மறந்துவிட்டால் பாடம், மாடம், பட்டம், மாமா எழுதலாம். அ வராது என்பதால் அம்மா எழுத முடியாது. மாமாவை எழுதி அம்மாவை விட்டுவிடும் எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மெய்யெழுத்தின் புள்ளி தனிக் கதை. ஏழு கோட்டுப் பலகையில் ஒரு புள்ளி இருக்கிறது, ஆனால் தசமப் புள்ளி. அது காலடியில் இருக்கிறது, நம் புள்ளி தலையில் இருக்க வேண்டும். இதற்கு ஒரு குறும்பு வழி உண்டு. எல்லா எண் கட்டைகளையும் தலைகீழாகப் பதித்தால் வலது கீழே இருந்த புள்ளி இடது மேலே போய்விடும். அது அந்த எழுத்துக்கு உதவாது. ஆனால் அதற்கு முந்தைய எழுத்தின் வலது தலைமாட்டில் போய் நிற்கும். பக்கத்து வீட்டு விளக்கில் படிப்பது போல, ஒவ்வொரு எழுத்தும் அடுத்த எழுத்தின் புள்ளியை இரவல் வாங்கிக்கொள்ளலாம். சின்ன வயதில் இதைக் கண்டுபிடித்திருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன்.

கோடுகளை விட்டுப் புள்ளிகளுக்குப் போனால் நிலைமை தேறுகிறது. பொறியியல் மாணவர்கள் அனைவரும் ஒரு முறையாவது தொட்டிருக்கும் பொருள், வரிக்குப் பதினாறு எழுத்து வீதம் இரண்டு வரி காட்டும் சின்ன எல்.சி.டி. பலகை. அதன் மூளை பெரும்பாலும் ஹிட்டாச்சியின் எச்டி44780 சில்லு, அல்லது அதன் நகல். ஒவ்வோர் எழுத்துக்கும் குறுக்கே 5, நெடுக்கே 8 புள்ளி. ஆங்கிலம் உள்ளேயே இருக்கிறது. ஜப்பானியக் கதகனாவும் இருக்கிறது, செய்தவர்கள் ஜப்பானியர்கள். மற்றவர்கள் தங்கள் எழுத்தைத் தாங்களே வரைந்துகொள்ளலாம். ஆனால் ஒரு நேரத்தில் எட்டே எட்டு வடிவங்கள்தான்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் இறுதியாண்டுத் திட்டமாக, அடுத்த நிறுத்தத்தின் பெயரைத் தமிழில் காட்டும் கருவி செய்தான். ஆனையூர் சுலபமாக முடிந்தது. அடுத்து மாட்டுத்தாவணி. வடிவங்களை எண்ணிப் பாருங்கள்: ம, துணைக்கால், ட், டு, த், த, வ, ணி. சரியாக எட்டு! பையன் துள்ளிக் குதித்திருக்கிறான். பிறகுதான் ணி ஒரு கட்டத்துக்குள் அடங்காது என்று தெரிந்தது. இரண்டு கட்டம் கொடுத்தால் மொத்தம் ஒன்பது. வேறு வழியில்லாமல் த்-ஐத் தூக்கிவிட்டு 'மாட்டுதாவணி' என்று போட்டான். பார்க்க வந்த பேராசிரியர் ஒருவர், "ஒற்று எங்கேப்பா?" என்று கேட்டிருக்கிறார். "அது ஒற்றுப்பிழை இல்ல சார், மெமரி பிழை" என்றானாம். இலக்கண வரலாற்றில் சில்லின் நினைவகம் தின்ற முதல் ஒற்று அதுவாக இருக்கலாம்.

ணி ஏன் அடங்கவில்லை? இந்த அத்தியாயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஒரு சுழி சுழியாகத் தெரிய வேண்டுமானால் அதன் நடுவில் ஓர் இருட்டுப் புள்ளியாவது வேண்டும். அதற்கு இந்தப் பக்கம் ஒரு வெளிச்சம், அந்தப் பக்கம் ஒரு வெளிச்சம். ஆக ஒரு சுழிக்கு மூன்று பத்தி. இரண்டு சுழிகள் நடுச்சுவரைப் பங்கு போட்டுக்கொண்டால் ஐந்து. மூன்று சுழி என்றால் ஏழு. தோராயக் கணக்குதான், ஆனால் உதவும். ரெண்டு சுழி ன ஐந்து பத்திக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்துவிடும். மூணு சுழி ண உட்காரவே உட்காராது. இரண்டு கட்டத்தில் பிரித்துப் போட்டால் கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் எழுத்தை வெட்டிவிடும். ஆரம்பப் பள்ளியில் நாம் எண்ணிப் படித்த அந்தச் சுழிகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பத்தி வாடகை.

இப்போது பஸ் பலகைக்கு வரலாம். மதுரை டவுன்ஹால் ரோட்டில் 'பி10 போர்டு' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். குறுக்கே 32, நெடுக்கே 16, மொத்தம் 512 விளக்குகள். ஒரு விளக்கின் மையத்திலிருந்து அடுத்த விளக்கின் மையத்துக்கு 10 மில்லிமீட்டர், அதனால்தான் அந்த 10. பலகை 32 சென்டிமீட்டர் நீளம், 16 சென்டிமீட்டர் உயரம். இதையே வரிசையாகக் கோத்துத்தான் கடை வாசலில், கோயில் முகப்பில், திருமண மண்டபத்தில் எழுத்தை ஓட விடுகிறார்கள். பஸ் பலகையில் விளக்கின் நெருக்கம் மாறலாம், தத்துவம் மாறாது. கடைக்காரர் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே குறித்துக்கொண்டு வந்தேன்: "அண்ணே, இங்கிலீசுன்னா என்ன போட்டாலும் எடுத்துக்கும். தமிழ்னா மட்டும் போல்டு போட்டுறாதீங்க, சுழி அடைச்சுக்கும்."

ஒளியியலில் அந்தச் சுழி அடைப்புக்குக் கணக்கு உண்டு. நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அகலமுள்ள இடைவெளியைப் பிரித்துப் பார்க்கும். அதற்கும் கீழே போனால் இரண்டும் ஒன்றாகிவிடும். 5 மில்லிமீட்டர் விளக்கு, நடுவே 5 மில்லிமீட்டர் இருட்டு என்று வைத்துக்கொண்டால், சுமார் 17 மீட்டருக்கு அப்பால் விளக்குகள் ஒன்று சேர்ந்து கோடாகிவிடுகின்றன. நமக்கு வேண்டியதும் அதுதான். அதே கணக்கில், ஒளி பரவி ஒவ்வொரு விளக்கும் தன் கட்டத்தை நிரப்பியதாக வைத்துக்கொண்டால் மிஞ்சும் 10 மில்லிமீட்டர் இருட்டு, அதாவது சுழிக்கு நடுவே இருக்கும் அந்த ஒற்றைப் புள்ளி, சுமார் 34 மீட்டரில் காணாமல் போகிறது. ஆக 17-க்கு உள்ளே புள்ளிக் கோலம், 34-க்கு வெளியே சிவப்புச் சாந்து. நடுவில் ஒரு 17 மீட்டர்தான் தமிழ் எழுத்துக்குக் கிடைத்த அரங்கம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ், 34 மீட்டரை நான்கு வினாடியில் கடந்துவிடும். அப்பத்தா அந்த நான்கு வினாடிக்குள் படித்து, கையைத் தூக்க, ஓட்டுநர் அதைப் பார்த்து, பிரேக்கை மிதிக்க வேண்டும். இரவில் விளக்கின் பிரகாசம் கண்ணுக்குள் சிதறுவதால் இன்னும் குறையும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்குள் நான்கு புள்ளி அகலத்துக்குத் திறந்த வெளி இருக்கிறது. அது மறைய 130 மீட்டருக்கு மேல் போக வேண்டும்.

உயரத்திலும் இதே சங்கடம். ஆங்கிலப் பெரிய எழுத்து பதினாறு வரிசையையும் தனக்கே எடுத்துக்கொள்ளும். தமிழ் மூன்று மாடிக் குடித்தனம். மேலே புள்ளிக்கும் விசிறிக்கும் மூன்று வரிசை, கீழே உகர ஊகார வால்களுக்கு நான்கு வரிசை விட்டால் உடலுக்கு மிஞ்சுவது ஒன்பது. 'ஆனையூர்' என்ற சொல் இதற்கென்றே செய்தது போன்ற சோதனைச் சொல்: கடைசி ர் மேல்மாடியைக் கேட்கிறது, யூ கீழ்மாடியைக் கேட்கிறது, ஆ தன் சுழிக்காலைக் கீழே நீட்டிக்கொள்கிறது. ஒரே பலகையில் தமிழ் ஏன் பாதி உயரமாகத் தெரிகிறது என்பதற்கு இந்த மூன்று மாடிதான் காரணம்.

பலகை மென்பொருள் செய்வது, கணினியில் இருக்கும் அச்சு எழுத்துருவைப் பதினாறு வரிசைக்குச் சுருக்கி ஒரு படமாக்குவது. அச்சில் மெல்லியதாக இருக்கும் கோடு சுருங்கியதும் பாதிப் புள்ளியில் வந்து விழும். விளக்குக்குப் பாதி என்பது கிடையாது, எரியும் அல்லது எரியாது. எரிந்தால் சுழி அடைக்கும், அணைந்தால் கால் ஒடியும். யானையைப் பானைக்குள் போட ஒரே வழி அதை நசுக்குவது என்று நினைக்கும் மென்பொருள் இது. புள்ளிகளைக் கையால் ஒவ்வொன்றாக வைத்து எழுத்தைப் புதிதாகவே வரைய வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு விபத்தையும் பார்த்திருப்பீர்கள். னை எழுதும்போது கை முதலில் இணைக்கொம்பைப் போட்டு, பிறகு ன-வைப் போடும். யூனிகோடு நினைவகத்திலோ ன முதலில், கொம்பு பின்னால். காட்டும் நேரத்தில் இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். மாற்றத் தெரியாத பலகையில் கொம்பு ன-வுக்குப் பின்னால் போய், யூ-வைக் குத்திக்கொண்டு நிற்கும்.

அந்தக் கொம்பே ஊருக்குப் புதுசு. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பழைய னை நினைவிருக்கும்: ன-வின் தலையில் தும்பிக்கை தூக்கிய வடிவம். லை, ளை, ணை எல்லாவற்றுக்கும் அதே தும்பிக்கை. பெரியார் 1935-லிருந்தே 'குடி அரசு' இதழில் இதை மாற்றி அச்சிட்டார். எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஆணையாக்கியது. ஆனையூரின் ஆனைக்கு அன்று தும்பிக்கை போய்க் கொம்பு வந்தது. புள்ளிப் பலகையின் பார்வையில் இது லாபமா நஷ்டமா? அகலத்தில் நஷ்டம், கொம்பு தனியாக எட்டுப் பத்தி கேட்கிறது. உயரத்தில் லாபம், தும்பிக்கை இருந்திருந்தால் ஒன்பது வரிசை உடலும் தேறியிருக்காது. பலகையை நீளமாக்குவது சுலபம், பஸ்ஸின் நெற்றியை உயரமாக்க முடியாது. ஈயச் சிக்கனத்துக்கும் தட்டச்சுக்கும் யோசித்த சீர்திருத்தம், அப்போது ஊரில் யாரும் பார்த்திராத விளக்குப் பலகைக்கும் சேர்த்தே உதவியிருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் வேடிக்கை. மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் குன்றில், நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழி எழுத்துகள் இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாகப் பாறையில் இருக்கின்றன. நம் யானைமலையிலும் தமிழி உண்டு. அந்த எழுத்தில் க என்பது கூட்டல் குறி. ஐந்து குறுக்கே, ஐந்து நெடுக்கே, நடுவில் இருப்பது பொது: ஒன்பது விளக்கில் க முடிந்தது. ர ஏறத்தாழ ஒரு செங்குத்துக் கோடு. உளிக்கு நேர்கோடு பிடிக்கும், எல்.இ.டி.க்கும் அதுதான் பிடிக்கும். நெடுஞ்செழியன் காலத்து எழுத்தில் பஸ் பலகை வைத்திருந்தால் நூறு மீட்டரில் படிக்கலாம், படிக்கத் தெரிந்தவர் கிடைத்தால். நடுவில் ஓலை வந்தது. ஓலையின் நார்வாக்கில் நேர்கோடு இழுத்தால் கிழியும் என்பதால் எழுத்தாணி எழுத்தை வளைத்தது. புள்ளி குத்தினால் பொத்தல் விழும் என்று புள்ளியையே விட்டார்கள். படிப்பவர் இடம் பார்த்துப் புள்ளியை மனதில் வைத்துக்கொண்டார்.

போல்டு போட வேண்டாம் என்ற கடைக்காரர் இன்னொன்றும் செய்து காட்டினார். ஓடும் பலகையைக் கைபேசியில் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். எழுத்தில் பட்டை பட்டையாக இருட்டு. பலகை பழுதில்லை. இந்த வகைப் பலகையில் பதினாறு வரிசையும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. நான்கு வரிசை எரியும், அணையும். அடுத்த நான்கு எரியும், அணையும். இது நொடிக்குப் பல முறை சுற்றுவதால் கண் ஒட்டுப்போட்டு முழு எழுத்தாக்கிக்கொள்கிறது. வேகமான கேமரா ஏமாறுவதில்லை. உண்மையில் எந்தக் கணத்திலும் பலகையில் இருப்பது கால் ஆனைதான். மீதி முக்கால் நம் விழித்திரையில் இருக்கிறது.

இவ்வளவு பற்றாக்குறையில் பிறந்த வடிவங்களுக்கு இப்போது மவுசு வந்திருக்கிறது. லட்சக்கணக்கான புள்ளிகள் உள்ள திரையில், வேண்டுமென்றே ஏழு கோட்டு எண்ணையும் குண்டுப் புள்ளி எழுத்தையும் நடிக்கும் எழுத்துருக்கள் வருகின்றன. பழைய டெர்மினல் திரையைப் பார்த்துச் செய்த விடி323 இருக்கிறது. ஏழு கோட்டைப் பிசகாமல் பின்பற்றும் ஜப்பானிய டிசெக் இருக்கிறது. இவற்றில் தமிழ் இல்லை. 'அரிமா மதுரை' என்று நம் ஊர்ப்பெயரையே சூட்டிக்கொண்ட தமிழ் எழுத்துரு உண்டு. செய்தவர்கள் போர்ச்சுகலைச் சேர்ந்தவர்கள். அழகான எழுத்துரு, ஆனால் வளைவும் நெளிவுமாக இருக்கும். அதைப் பதினாறு வரிசைக்குள் விட்டால் எறும்புதான். புள்ளியிலேயே பிறந்த தமிழ் வேண்டுமானால் குனு யூனிஃபாண்டில் பார்க்கலாம். உலகத்து எழுத்துகளையெல்லாம் பதினாறு வரிசைக்குள் வரைந்து வைத்திருக்கும் தன்னார்வலர்களின் வேலை. தமிழில் இந்தப் பாணி எழுத்துரு செய்ய நினைக்கும் இளைஞர்களிடம் எனக்கு ஒரு ஆசை உண்டு. ஏழு கோட்டை விட்டுவிடுங்கள், அது விளையாட்டு. பதினாறு வரிசையில் வரையுங்கள். சுவரொட்டிக்கு அது பழைய காலத்து அழகு, பஸ்ஸுக்கு அது இன்றைய தேவை.

சொன்னதை நானே செய்து பார்த்தேன். ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்ட தாள்களை ஒட்டி, கறுப்பு மார்க்கரால் ஆனையூர் என்று நிரப்பினேன். ஆ 11 பத்தி, கொம்பு 8, ன 9, யூ 11, ர் 5, நடுவே இரண்டிரண்டாக நான்கு இடைவெளி: மொத்தம் 52. இரண்டு பி10 பலகையை ஒட்டினால் 64, தாராளமாக நிற்கும். எல்லாச் சுழிக்கும் இரண்டு புள்ளி இருட்டு கொடுத்தேன். எதிர் வீட்டு மதில் சுவரில் தாளை ஒட்டிவிட்டு, தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பையனை நாற்பது அடி எட்டி வைக்கச் சொல்லி, "படிடா" என்றேன்.

"ஆனையூர்."

ஒரு நொடி கூட ஆகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எப்படிடா இவ்வளவு சீக்கிரம்?"

"எங்க ஊரு பேரு எனக்குத் தெரியாதா மாமா?"

அடுத்த தாளில் 'கண்ணனேந்தல்' என்று நிரப்பி ஒட்டினேன். மூணு சுழி இரண்டு, உடனே ரெண்டு சுழி ஒன்று. நாற்பதாவது அடியில் நின்று பார்த்தான். முப்பதுக்கு வந்தான். இருபதுக்கு வந்தான்.